மாமியார் மூக்கும் மூன்று நாள் பனீரும்

கேள்வி: பிரான்சில் லியோன் நகரத்தில் வேலை பார்க்கும் என் மகன் போன வாரம் லீவில் வந்தான். வட்டமான மரப்பெட்டியில் கமாம்பேர் என்று ஒரு சீஸ் கொண்டுவந்தான். மேலே முழுக்க வெள்ளைப் பூசணம். பெட்டியைத் திறந்தால் கண்ணில் தண்ணீர் வரவழைக்கும் நெடி. “இதும்மா இதோட ருசியே” என்கிறான். அதே ஃப்ரிட்ஜில் நான் வீட்டில் செய்து வைத்த பனீர் மூன்றாம் நாளே வழுவழுத்துவிட்டது. மாமியார் முகர்ந்து பார்த்து, “ஒண்ணும் ஆகல, கழுவிப் போடு” என்றார். கழுவி, எண்ணெயில் பொரித்துக் குருமாவில் போட்டேன். எல்லோரும் சாப்பிட்டோம். வளைகாப்பு முடிந்து அழைத்து வந்திருக்கும் மகளும் சாப்பிட்டாள். ஏழு மாதம். அன்று இரவு முழுக்க எனக்குத் தூக்கம் இல்லை. பூசணம் பூத்த சீஸைச் சாப்பிடலாம், வழுவழுத்த பனீரைச் சாப்பிடக் கூடாதா? எதை எப்படி வைப்பது, கெட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது? — ஸ்ரீரங்கம் வாசகி

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

நீங்கள் கேட்ட வரிசையில் போகாமல் மகளிடமிருந்து ஆரம்பிக்கிறேன். அந்தக் கமாம்பேரை அவர் வாயில் வைக்க வேண்டாம். தோலைச் சீவிவிட்டு நடுவில் மட்டும் கொஞ்சம், தம்பி ஆசையாகக் கொண்டுவந்தானே என்று ஒரு துணுக்கு, எதுவும் வேண்டாம். அது கெட்டுவிட்டது என்பதற்காகச் சொல்லவில்லை. கடையிலிருந்து அன்றைக்கு வாங்கியதாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவை கர்ப்பிணிகளுக்குச் சொல்வதும் இதுதான்: வெள்ளைப் பூசணத் தோல் உள்ள மென்சீஸ் எதையும், பாஸ்டரைஸ் செய்த பாலில் செய்ததாகவே இருந்தாலும், ஆவி பறக்கச் சூடாக்காமல் சாப்பிடக் கூடாது.

காரணம் லிஸ்டீரியா என்ற கிருமி. நோய் தரும் மற்ற கிருமிகள் பெரும்பாலும் ஃப்ரிட்ஜுக்குள் போனால் ஒடுங்கிவிடும். இது 4 டிகிரி குளிரிலும் மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும். மணம் மாறாது, நிறம் மாறாது, ருசியும் மாறாது. உங்கள் மாமியார் மூக்கு எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் இதைப் பிடிக்க முடியாது. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் லேசான காய்ச்சலோடு போய்விடும். கர்ப்பிணிகளுக்கு இது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பத்து மடங்கு. தாய் தப்பித்தாலும் வயிற்றில் இருக்கும் பிள்ளையை எடுத்துவிடக்கூடும். 1985-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் மெக்சிகோ பாணியில் செய்த புது சீஸால் 142 பேருக்கு இது வந்தது. அதில் 93 பேர் கர்ப்பிணிகளும் அவர்கள் குழந்தைகளும். இறப்பு 48, அதில் 20 கருவிலேயே போனவை. காய்ச்சாத பால் கலந்ததே காரணமாகக் கருதப்பட்டது. அந்த சீஸ் பார்வைக்கு எப்படி இருந்திருக்கும் தெரியுமா? வெள்ளையாக, மெத்தென்று, கிட்டத்தட்ட நம் பனீர் மாதிரி.

உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. அந்தக் குருமாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இன்றைக்காவது தூங்குங்கள். பனீரை எண்ணெயில் பொரித்து, குருமாவில் கொதிக்கவும் விட்டிருக்கிறீர்கள். லிஸ்டீரியா அந்தச் சூட்டைத் தாங்காது. சூட்டுக்கு மசியாதது வேறொன்று: ஸ்டெஃபிலோகாக்கஸ் என்ற கிருமி வெளிவிடும் நஞ்சு. கிருமி கொதியில் செத்தாலும் அந்த நஞ்சு அப்படியே நிற்கும். ஆனால் அது வேலையைக் காட்டுவதாக இருந்தால் சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் வாந்தியும் வயிற்றுப் பிடிப்புமாகக் காட்டியிருக்கும். கடிதம் எழுதும்வரை யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பதால் அந்தக் கண்டம் தாண்டியாயிற்று. ஒன்று மட்டும்: லிஸ்டீரியா உடம்பில் தெரிய நாட்கணக்கு முதல் சில வாரங்கள்வரை ஆகலாம். மகள் அந்த சீஸில் ஏற்கெனவே ஒரு வாய் ருசி பார்த்திருந்தால், அடுத்த இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், உடம்புவலி என்று வந்தால், “ஏதோ பருவக் காய்ச்சல்” என்று கஷாயம் வைத்துக்கொண்டிருக்காமல் பிரசவம் பார்க்கும் டாக்டரிடம் சீஸ் சாப்பிட்ட கதையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இனி பனீர். மாமியார் வழக்கில் தீர்ப்பு என்னவென்றால், அவர் பாதி சரி. புளித்த வாடை, கள்ளு மாதிரி ஒரு வாடை, பழம் அழுகியது போன்ற தித்திப்பு வாடை, இதில் எது வந்தாலும் பனீர் போய்விட்டது என்று மூக்கே சொல்லும். வாடை வரவில்லை என்பதால் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இதை நான் அவமானப்பட்டுக் கற்றுக்கொண்டேன். பால் பண்ணையில் தரக்கட்டுப்பாட்டில் சேர்ந்த புதிதில் ஒரு பனீர் கட்டியை முகர்ந்து பார்த்து, பதிவேட்டில் “சரி” என்று எழுதிவிட்டேன். மூத்த கெமிஸ்ட் பேசாமல் அந்தக் கட்டியை வாங்கினார். ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் அதன் மேல் தேய்த்து, என் முகத்துக்கு நேரே மெதுவாகப் பிரித்தார். இரண்டு விரலுக்கும் நடுவே சிலந்தி இழை மாதிரி ஒரு நூல் வந்து அறுந்தது. “உங்க பாட்டி இதைப் பார்த்தா என்ன சொல்வாங்க?” என்றார். ஊசிப்போச்சு என்பார்கள். பழைய சாம்பார் கரண்டியோடு நூலாக வருமே, அதேதான். அந்த வார்த்தையைத் தெரிந்து வைத்திருந்தும் பனீருக்கு அதைப் பொருத்திப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அந்த வழுவழுப்பைச் செய்வது பெரும்பாலும் சூடோமோனாஸ் என்ற கிருமிக் கூட்டம். இதற்கும் குளிர் பழக்கம். தண்ணீர்தான் இதன் பிறந்த வீடு. 2010 ஜூனில் இத்தாலியில் ஒரு கூத்து நடந்தது. பாக்கெட்டைப் பிரித்துக் கொஞ்ச நேரத்தில் வெள்ளை மொட்ஸரெல்லா சீஸ் உருண்டைகள் நீலமாக மாறின. துரின் நகரத்துப் பக்கம் 70,000 உருண்டைகளைப் பிடித்துவைத்தார்கள். அந்த நீலச் சாயத்தைப் போட்டதும் இந்தக் குடும்பத்துக் கிருமிதான். நம் வீடுகளில் நீலம் அபூர்வம். முதலில் வழுவழுப்பு வரும், பிறகு லேசான மஞ்சள், பிறகு கசப்பு. கசக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டியதில்லை, விரல் போதும். வழுவழுப்பு வந்த பனீரைக் கழுவினால் வழுவழுப்பு போகும். அதைச் செய்த கிருமி உள்ளே இருக்கும், அது ஏற்கெனவே விட்டுச்சென்றதும் இருக்கும். அடுத்த முறை கழுவாதீர்கள், குப்பையில் போடுங்கள். கைநஷ்டம் ஒரு லிட்டர் பால்.

தயிர் நான்கு நாள் இருந்தாலும் ஒன்றும் ஆவதில்லையே, பனீருக்கு மட்டும் ஏன் இவ்வளவு செல்லம் என்று தோன்றும். நல்ல கேள்வி. முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது. தயிர் புளிக்கும், அந்தப் புளிப்பே அதற்குக் காவல். தயிரில் இருக்கும் கிருமிகள் இடத்தைப் பிடித்துக்கொண்டு அமிலத்தைப் பெருக்குவதால் வெளியாள் நுழையச் சிரமப்படுவான். பனீரில் அந்தக் காவல் கிடையாது. எலுமிச்சை பிழிந்துதான் திரிக்கிறோம், ஆனால் அந்தப் புளிப்பில் பெரும்பங்கு ஊற்றிவிடும் தெளிந்த நீரோடு போய்விடுகிறது. பாலைக் கொதிக்க வைத்தபோது நல்லது கெட்டது என்று பெரும்பாலான கிருமிகள் செத்துவிடுகின்றன. மிஞ்சுவது காவலில்லாத வீடு. அதோடு ஈரம். பனீரில் 60 சதவீதம்வரை ஈரம் இருக்கலாம் என்று நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமே விதி வைத்திருக்கிறது. பாதிக்கு மேல் தண்ணீர், புரதம், கொழுப்பு, புளிப்பும் இல்லை, உப்பும் இல்லை. கிருமிக்கு இதைவிடப் பந்தி வேறெங்கே கிடைக்கும்?

அப்படியானால் உங்கள் பனீருக்குக் கிருமி எங்கிருந்து வந்தது? பாலிலிருந்து அல்ல. எனக்கு இரண்டு இடத்தில் சந்தேகம்: துணியும் தண்ணீரும். சமையலறையில் சிங்க் பக்கம் தொங்கும் துணியில்தானே வடிகட்டினீர்கள்? அதைக் கட்டி, மேலே குழவிக்கல்லையோ குக்கரையோ ஏற்றி, ராத்திரி முழுக்க மேடையிலேயே விட்டீர்களா? நிறைய வீடுகளில் இதுதான் நடக்கிறது. திருச்சி வெயிலில் வெதுவெதுப்பான பனீர் எட்டு மணி நேரம் வெளியே கிடந்தால், காலையில் ஃப்ரிட்ஜில் வைக்கும்போதே அதன் ஆயுளில் பாதி முடிந்திருக்கும். பண்ணையில் பாலை 80 டிகிரிக்கு மேல் சூடேற்றி, 70 டிகிரிக்குக் கொஞ்சம் ஆறவிட்டுத் திரிப்போம். அச்சில் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்துவோம். உடனே 5 டிகிரி குளிர்ந்த நீரில் இரண்டு மூன்று மணி நேரம் முக்கிவைப்போம். அதன் இறுக்கம் கல்லால் வருவதைவிட இந்தக் குளிரால்தான் அதிகம் வருகிறது. வீட்டிலும் இதைச் செய்யலாம். துணியைக் கொதிநீரில் ஐந்து நிமிடம் போட்டெடுங்கள். கால் மணி நேரம் கனம் வையுங்கள். கொதிக்க வைத்து ஆற்றி, ஃப்ரிட்ஜில் குளிரவைத்த தண்ணீரில் கட்டியைப் போடுங்கள். கேன் தண்ணீர், போர் தண்ணீர் எதையும் பச்சையாக ஊற்ற வேண்டாம். சூடோமோனாஸின் பிறந்த வீடு எதுவென்று மேலேயே சொல்லிவிட்டேன். பிறகு மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில், பனீர் மூழ்கும் அளவு அதே மாதிரி ஆற்றிய நீரில் வைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். தண்ணீர் கலங்கலாக இருந்தால், பனீர் பார்க்க நன்றாக இருந்தாலும் அன்றோடு அதற்கு விடைகொடுங்கள்.

எத்தனை நாள்? சுத்தமாகச் செய்தது ஃப்ரிட்ஜில் ஐந்தாறு நாள் கெடாமல் இருக்கும், ஆனால் அதன் பால்மணம் மூன்றாம் நாளோடு போய்விடும். மூன்று நாளுக்குள் முடித்துவிடுங்கள் என்பேன். வெற்றிடமாகக் கட்டிய கடை பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதி, பிரிக்காத பாக்கெட்டுக்கு மட்டும். பிரித்த கணத்தில் அதுவும் வீட்டுப் பனீர்தான். பாக்கெட் உப்பியிருந்தால் தேதி பாக்கியிருந்தாலும் வாங்காதீர்கள். உள்ளே ஏதோ காற்று விட்டுக்கொண்டிருக்கிறது. இனிப்புக் கடையில் தட்டில் திறந்து வைத்து நிறுத்துத் தரும் பனீரை நான் வாங்குவதில்லை.

மகனின் மரப்பெட்டிக்கு வருவோம். அந்த வெள்ளைத் தோல் கேடு அல்ல. வேண்டுமென்றே போட்ட பயிர். பெனிசிலியம் கேமம்பர்ட்டி என்று கமாம்பேரின் பேரையே வைத்திருக்கும் பூசணம். பிரான்சின் நார்மண்டி வட்டாரத்தில் பிறந்த இந்த சீஸ் உள்ளிருந்து பழுப்பதில்லை. இந்தப் பூசணம் மேலிருந்து உள்ளே பழுக்க வைக்கிறது. இளசாக இருக்கும்போது நடுவில் சுண்ணாம்பு மாதிரி ஒரு வெள்ளைக் கரு இருக்கும். பழுக்கப் பழுக்க அது சுருங்கி முழுவதும் வெண்ணெய்ப் பதமாகும். நம் வீட்டில் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பது போல அங்கே இதை நடுவில் விரலால் அழுத்திப் பார்த்து வாங்குவார்கள். உங்களைக் கண் கலங்கவைத்த நெடி அமோனியா. பூசணம் புரதத்தைத் தின்று விடும் மூச்சு அது. லியோனிலிருந்து ஸ்ரீரங்கம்வரை மூடிய பெட்டிக்குள், சூட்கேஸுக்குள் அடைந்து வந்திருக்கிறது. அந்த மூச்சு போக வழியில்லை. பெட்டியைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, அரை மணி நேரம் காற்றாட வையுங்கள். நெடி பெரும்பாலும் அடங்கிவிட்டால் மகன் சாப்பிடலாம். அதன் பிறகும் மூக்கைத் துளைத்தால், நாக்கில் சுருக்கென்று எரிந்தால், தோல் பழுப்பாகி வெடித்து, உள்ளே கூழாக ஒழுகினால், பழுத்துத் தாண்டிவிட்டது. அது ருசி அல்ல. அவன் என்ன சொன்னாலும் சரி.

தோலில் வெள்ளையைத் தவிர வேறு நிறங்கள் வந்தால்? பழையதில் இளஞ்சிவப்புக் கலந்த பழுப்புக் கோடுகள் இயல்பாக வரும். கறுப்புப் புள்ளி, பச்சை ரோமம், பளிச்சென்ற மஞ்சள் என்றால் அது அழையா விருந்தாளி.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கமாம்பேரில் வெள்ளைப் பூசணம் சரி, பனீரில் வந்தால் ஏன் தப்பு? ஒன்றில் யார் குடியிருப்பது என்று தெரியும். மற்றதில் யாரென்றே தெரியாது. ஆனால் இதில் ஒரு விபரீதமும் உண்டு. அந்த நல்ல பூசணம் பழுக்க வைக்கும்போது சீஸில் இருந்த புளிப்பையும் தின்றுவிடுகிறது. புதிதாகச் செய்தபோது தயிர் மாதிரிப் புளிப்பாக இருந்தது, நன்றாகப் பழுத்தபின் தோலோரம் புளிப்பே இல்லாமல் ஆகிவிடும். காவலாளியை வீட்டு ஆளே அனுப்பிவிடுகிறான். லிஸ்டீரியா பழுத்த மென்சீஸை விரும்புவது இதனால்தான். உங்கள் மகளுக்கு நான் தடை போட்டதும் இதனால்தான். பெட்டியில் ‘லே க்ரூ’ என்று போட்டிருந்தால் அது காய்ச்சாத பாலில் செய்தது. ‘கமாம்பேர் த நார்மண்டி’ என்ற பெயருக்கு உரிமை உள்ளது எல்லாமே பச்சைப் பாலில் செய்ததுதான். அதை மாமியாருக்கும் கொடுக்காதீர்கள்; வயதானவர்களும் இந்தக் கிருமிக்கு எளிதில் சிக்குவார்கள். முகர்ந்து பார்க்க மட்டும் கொடுங்கள்.

பூசணம் பிடித்த இடத்தை மட்டும் வெட்டி எறியலாமா என்பது எனக்கு அடிக்கடி வரும் கேள்வி. செடார், பார்மிசான் மாதிரி கெட்டியான சீஸ் என்றால் பூசணத்தைச் சுற்றியும் அடியிலும் ஓர் அங்குலம் தாராளமாக வெட்டிவிட்டு மீதியைச் சாப்பிடலாம். கத்தி பூசணத்தில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பனீர், கிரீம் சீஸ், ரிக்கோட்டா, துருவி விற்கும் மொட்ஸரெல்லா எதிலும் இது செல்லாது. ஈரம் அதிகமுள்ளதில் கண்ணுக்குத் தெரிவது மேல் புல். வேர் எங்கே போயிருக்கிறது என்று தெரியாது. குழந்தைகள் சாண்ட்விச்சுக்கு வாங்கும் கிரீம் சீஸ் டப்பாவில் ஓரமாக ஒரு பச்சைப் பொட்டு வந்தால் ஸ்பூனால் வழித்துவிட்டு மூடி வைக்காதீர்கள். பிரித்த டப்பாவைப் பத்து நாளுக்குள் முடியுங்கள். ஜாம் தொட்ட ஸ்பூனை அதில் விடவும் வேண்டாம்.

வைக்கும் இடம். ஃப்ரிட்ஜ் கதவில் வெண்ணெய்க்கென்று ஒரு மூடிபோட்ட அறை இருக்கும். சீஸும் பனீரும் பெரும்பாலும் அங்கேதான் போய்ச் சேரும். ஃப்ரிட்ஜிலேயே மிகவும் சூடான இடங்களில் கதவும் ஒன்று. கூட்டுக் குடும்பத்தில் அந்தக் கதவு ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே, பின்பக்கமாக, கீழ்த்தட்டில் வையுங்கள். சில நூறு ரூபாய்க்குச் சின்ன தெர்மாமீட்டர் கிடைக்கிறது. தண்ணீர் டம்ளரில் போட்டு ராத்திரி உள்ளே வைத்துக் காலையில் பாருங்கள். 5 டிகிரிக்கு மேல் இருந்தால் குமிழைத் திருப்புங்கள். கரண்ட் போனால் கதவைத் திறக்காமல் விட்டால் நான்கு மணி நேரம் தாங்கும். கோடையில் வெளியே எடுத்து வைத்த மென்சீஸை ஒரு மணி நேரத்துக்குள் உள்ளே வைத்துவிட வேண்டும், விருந்தாளி பேச்சு முடியவில்லை என்றாலும்.

கமாம்பேரைப் பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்ற வேண்டாம். மூச்சு முட்டி அமோனியா கட்டும், தோல் ஈரமாகும். அது வந்த காகிதத்திலேயே, அல்லது கேக் செய்ய விற்கும் மெழுகுத் தாளில் சுற்றி, மரப்பெட்டியிலேயே வைத்து, அந்தப் பெட்டியை ஒரு டப்பாவுக்குள் வையுங்கள். இல்லாவிட்டால் மறுநாள் மல்லிகைப்பூவிலும் மாவிலும் பிரான்ஸ் மணக்கும். உருண்டை மொட்ஸரெல்லாவை அது வந்த நீரிலேயே விடுங்கள். ஃபெட்டா சீஸும் அப்படித்தான், அதன் உப்பு நீரே அதற்கு அரண். ஃப்ரீசரில் பனீரைப் போடலாம். உருகியபின் உதிரும், புர்ஜிக்கு ஆகும், டிக்காவுக்கு ஆகாது. கமாம்பேரைப் போட்டால் வெளியே வருவது வேறு ஏதோ.

மகளுக்குப் பனீர் ஆசை இருந்தால் காலையில் பாலைக் கொதிக்க வைத்துத் திரித்து, மதியமே சமைத்துச் சூடாகக் கொடுங்கள். அதில் எந்தத் தடையும் இல்லை, அவருக்கு அந்தப் புரதம் வேண்டியதும்கூட. அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. வழுவழுத்த பனீர் இருந்த டப்பாவைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் கவிழ்த்து வையுங்கள். அது இருந்த தட்டையும் கழற்றித் துடையுங்கள். அந்த வடிகட்டும் துணியை இனி அடுப்பு துடைக்க வைத்துக்கொண்டு, பனீருக்குப் புதிதாக ஒரு முழம் மல் துணி கிழித்துக்கொள்ளுங்கள்.